புயல் இரவில் எங்கே தங்குவது? கடலோர வீடுகளுக்கு நான்கு வழிகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் வேதாரண்யம், தலைஞாயிறு, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் பக்கமிருந்து ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று வானொலியில் சொன்னவுடன் உறவினர்களும் வாசகர்களும் கேட்கிறார்கள்: “வீட்டிலேயே இருந்துவிடலாமா? பெரியப்பாவின் தளம் போட்ட மெத்தை வீட்டுக்குப் போய்விடலாமா? பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்கிறார்களே, போகலாமா? இல்லை, திருச்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்கே கிளம்பிவிடலாமா?”

நாகப்பட்டினம் கரைக்குப் புயல் புதிதன்று. 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16 என்று தாத்தா, அப்பா, பிள்ளை மூன்று தலைமுறைக்கும் ஆளுக்கொரு புயல் உண்டு. மூன்றும் நவம்பரில் வந்தவை.

கடைசியாக வந்த கஜா, நள்ளிரவு 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகம், இடையிடையே 120. எங்களுடையது தளம் போட்ட காரை வீடு. அன்று இரவு பத்து மணி வரை வீட்டில் நாங்கள் 6 பேர். பொழுது விடிந்தபோது 19 பேர். நடுவில் வந்த 13 பேரும் தகரம் பறக்கும் தெருவை இருட்டில் கடந்து, கைக்குழந்தையைப் போர்வைக்குள் பொத்திக்கொண்டு வந்தவர்கள். மாலை நான்கு மணிக்கே அவர்களை அழைத்திருந்தோம். “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் பேசியபோதுதான் காரணம் தெரிந்தது. புயலை அவர்கள் லேசாக எண்ணவில்லை. கொட்டகையில் கறவை மாடு நின்றது. அதை விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

அதனால் இந்த ஒப்பீட்டில் மாட்டுக்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். மாட்டுக்கு வழி சொல்லாமல் மனிதர்களை வெளியேறச் சொன்னால் பாதிப் பேர் வெளியேற மாட்டார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

கூரை. புயலில் வீடு விழுவது பெரும்பாலும் மேலிருந்து தொடங்குகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது கூரையின் மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. 60 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கூரை 120 கிலோமீட்டர் காற்றையும் தாங்கும் என்று கணக்குப் போடக் கூடாது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே தூக்கவே பார்க்கும். காற்றடிக்கும் பக்கத்துச் சன்னல் ஒன்று உடைந்து உள்ளே காற்று புகுந்துவிட்டால், கீழிருந்து தள்ளலும் மேலிருந்து இழுப்பும் சேர்ந்துகொள்ளும். அப்போதுதான் கூரை எழும்பும்.

தண்ணீர். கடல் பொங்கி வருவது ஒரு வகை. மழைநீர் வடியாமல் தேங்குவது இன்னொரு வகை. நம் பகுதி காவிரியின் கடைமடை. அடப்பாறு, அரிச்சந்திரா நதி, முள்ளியாறு எல்லாம் கடலில்தான் வடிய வேண்டும். கடல் பொங்கி நிற்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. காற்று ஓய்ந்த பிறகும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவது இதனால்தான். எனவே உங்கள் வீட்டுத் தரை, தெருவைவிட எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதை இன்றே அளந்து வையுங்கள்.

தூரமும் நேரமும். ஓர் இடம் எவ்வளவு பாதுகாப்பானது என்பதோடு, வெளிச்சம் இருக்கும்போதே அங்கே போய்ச் சேர முடியுமா என்பதையும் கேட்க வேண்டும். கஜா நடுநிசியில் கடந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர், புதுச்சேரி பக்கம் தானே புயல் விடியற்காலையில் கடந்தது. இரண்டிலும் காற்று ஏறிய நேரம் இரவு.

உடன் இருப்பவர்கள். படுத்த படுக்கையான பாட்டி, நிறைமாதப் பெண், டயாலிசிஸ் செய்துகொள்பவர், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள். இவர்களுக்கு ஏற்ற இடம் எது என்பது மற்றவர்களுக்கு ஏற்ற இடத்திலிருந்து மாறுபடலாம். குடும்பம் முழுவதும் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கால்நடை. மேலே சொன்னதுதான்.

மறுநாளிலிருந்து வரும் நாட்கள். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. புயல் ஓர் இரவில் போய்விடும். தண்ணீரும் வெளிச்சமும் இல்லாத பதினைந்து நாட்களுக்கும் சேர்த்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | சொந்த வீடு | அக்கம்பக்கத்து மெத்தை வீடு | பாதுகாப்பு மையம், பள்ளி | வெளியூர் |
|---|---|---|---|---|
| கூரை | நல்ல கான்கிரீட் தளமானால் மட்டும் | பெரும்பாலும் நன்று | மையம் மிக நன்று. பள்ளிக்குப் பள்ளி மாறும் | ஊரைப் பொறுத்தது |
| தண்ணீர் | தரை உயரத்தைப் பொறுத்தது | மாடி இருந்தால் நன்று | தூண் மேல் கட்டிய மையம் மிக நன்று | பெரும்பாலும் நன்று |
| போய்ச்சேரும் நேரம் | இல்லை | சில நிமிடம் | அரை மணி முதல் இரண்டு மணி நேரம் | அரை நாள். முதல் நாளே கிளம்ப வேண்டும் |
| முதியோர், நோயாளிகள் | பழகிய இடம் | சுமார் | கடினம் | மிக நன்று |
| கால்நடை | அருகிலேயே | கண்பார்வையில் | பெரும்பாலும் இடமில்லை | ஆள் வைக்க வேண்டும் |
| அடுத்த சில நாட்கள் | நாமே சமாளிக்க வேண்டும் | சேர்ந்து சமாளிக்கலாம் | உணவும் மருத்துவமும் கிடைக்கும் | வசதி. ஆனால் திரும்புவது தாமதமாகும் |
| மறைந்திருக்கும் செலவு | நள்ளிரவில் வேறு வழி இல்லாமல் போவது | கூட்டம், கடமைப்பாடு | கூலி இழப்பு, வீட்டைப் பற்றிய கவலை | வாடகை, சேதக் கணக்கெடுப்பில் விடுபடும் வாய்ப்பு |

## வழி ஒன்று: சொந்த வீட்டிலேயே இருப்பது

மனம் முதலில் இதைத்தான் விரும்பும். அதனால் இதைத்தான் கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

கீற்று, ஓடு, சிமெண்ட் ஷீட், தகரம் ஆகிய நான்கில் எது உங்கள் தலைக்கு மேல் இருந்தாலும் பதில் ஒன்றே: அந்த இரவு அங்கே வேண்டாம். கீற்று பறந்தால் நனைவீர்கள். ஓடு பறந்தால் மண்டை உடையும். தகரமும் ஷீட்டும் பறந்தால் அடுத்த தெருக்காரரையும் வெட்டும். உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி ஆணிகள் சில ஆண்டுகளிலேயே துருவேறி மெலிந்துவிடுகின்றன. கீழே நின்று பார்த்தால் அது தெரியாது. ஏணி போட்டு ஏறிப் பார்த்து, துருவேறிய ஆணிகளை மாற்றுவது ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. அதனால் வீடு பிழைக்கலாம். ஆட்கள் உள்ளே இருப்பதற்கு அது போதாது.

தொகுப்பு வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1980களிலும் 90களிலும் அரசு கட்டித்தந்த வீடுகளில் இன்றும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கான்கிரீட் என்ற பெயரை நம்பி அங்கேயே இருந்துவிடுகிறார்கள். தளத்தின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பாருங்கள். காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? துருக்கறை கோடு கோடாக ஓடுகிறதா? நடுவில் தொய்வு தெரிகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்த வீட்டைக் கூரை வீட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தளம் உறுதியாக இருந்து, தரையும் உயரமாக இருந்தால் அடுத்து மரத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து மரத்தின் உயரம் அளவுள்ள தூரத்துக்குள் தென்னையோ புளியோ நின்றால், அது எந்தப் பக்கம் சாயும் என்பது நம் கையில் இல்லை. கஜாவில் எத்தனையோ காரை வீடுகளின் கைப்பிடிச்சுவரை உடைத்தவை அந்த வீட்டுக்காரரே பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள்தாம்.

காற்றின் திசையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கிலிருந்து வரும் புயல் நேராக நம் மேல் ஏறினால் முதலில் வாடைப்பக்கத்திலிருந்து அடிக்கும். பிறகு புயலின் கண் வரும். திடீரென்று காற்று நிற்கும், சில சமயம் நட்சத்திரம்கூடத் தெரியும். போய்விட்டது என்று எண்ணிக் கதவைத் திறந்துகொண்டு மாட்டைப் பார்க்க ஓடுவார்கள். சிறிது நேரத்தில் அதே வேகத்தில் தெற்கிலிருந்து அடிக்கும். வடக்குச் சன்னலுக்கு முட்டுக்கொடுத்தவர்கள் தெற்குக் கதவை மறந்துவிடுகிறார்கள். இரு பக்கமும் முட்டுக்கொடுங்கள். வீட்டின் நடுவில் இருக்கும் சிறிய அறையில் எல்லோரும் இருங்கள். காற்று நின்றாலும், வானொலியில் கடந்துவிட்டது என்று சொல்லும் வரை வெளியே வராதீர்கள்.

இந்த வழியின் பெரிய செலவு பணத்தில் தெரியாது. இரவு ஒரு மணிக்குக் கூரை எழும்பினால், மாலையில் உங்கள் முன் இருந்த மற்ற மூன்று வழிகளும் அடைபட்டிருக்கும். மிச்சம் இருப்பது இருட்டும் தெருவும்தான்.

யாருக்குப் பொருந்தும்: கடற்கரையிலிருந்து தள்ளி, உயர்ந்த தரையில், துருவேறாத கான்கிரீட் தளத்துடன், அருகில் பெரிய மரம் இல்லாமல் இருக்கும் வீடுகளுக்கு. மீனவக் குப்பங்களுக்கும் உப்பளக் கொட்டகைகளுக்கும் இது எந்த நிலையிலும் பொருந்தாது. அங்கே காரை வீடானாலும் கடல் பொங்கினால் கூரை காப்பாற்றாது. படகுக்குக் காவல் என்று ஓர் ஆளைக் கரையில் நிறுத்துவதையும் கைவிட வேண்டும்.

## வழி இரண்டு: அக்கம்பக்கத்து மெத்தை வீடு

உண்மையில் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். எச்சரிக்கை அறிக்கைகளில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என் கருத்தில், கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் கூரை வீட்டுக்காரர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய வழி இது. நடந்து போகலாம். மாடு கண்பார்வையில் நிற்கும். பாட்டிக்குப் பழகிய முகங்கள். பெண்களுக்கு அறிந்த வீட்டின் கழிப்பறை.

ஆனால் இதைப் புயல் நாளில் ஏற்பாடு செய்ய முடியாது. இப்போதே போய்க் கேட்க வேண்டும். “அக்கா, புயல் வந்தால் நாங்கள் ஐந்து பேர் இங்கே வந்துவிடுகிறோம், சரிதானே?” என்று ஒரு வார்த்தை. அதே வீட்டை இன்னும் நான்கு குடும்பங்கள் மனத்தில் வைத்திருக்கலாம். இரண்டு அறை வீட்டில் 40 பேர் நின்றுகொண்டே இரவைக் கழித்த கதைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. முன்பே பேசினால் யார் எங்கே என்று பிரித்துக்கொள்ளலாம்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று: எல்லா மெத்தை வீட்டுக் கதவும் எல்லோருக்கும் திறப்பதில்லை. தெருவும் சாதியும் பழைய வரப்புச் சண்டையும் புயல் நாளிலும் ஊருக்குள் இருக்கின்றன. காரை வீடுகள் குறைவாக இருக்கும் தெருக்காரர்களுக்கு இந்த வழி இருப்பதாகக் கணக்கில் எழுதிக்கொள்வது தவறு. அந்தத் தெருக்களுக்குப் பாதுகாப்பு மையத்தை முதலில் திறக்கவும் வண்டி அனுப்பவும் ஊராட்சியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கதவைத் திறக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள், அழைப்புக்குக் காத்திராமல் தாங்களே போய்க் கூப்பிட வேண்டும்.

போகும் வீட்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். பூசாத செங்கல் சுவரோடு பாதியில் நிற்கும் மேல்மாடி இருந்தால் கீழ்த்தளத்தில் இருங்கள். மொட்டை மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தால் காற்றில் உருளும். விளிம்பு வரை நிரப்பிவிட்டால் அசையாது, அடுத்த சில நாட்களுக்குத் தண்ணீரும் ஆயிற்று.

மறைந்திருக்கும் செலவு கடமைப்பாடு. புயல் ஓய்ந்த பிறகும் உங்கள் வீட்டுக் கூரை இல்லை. பத்து நாள் அங்கேயே இருக்க நேரிடும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, குழந்தைக்குப் பால் பவுடர், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் கணக்கில் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போகாதவர்களுக்கு மூன்றாம் நாளும் அதே முகம் காட்டப்படும்.

யாருக்குப் பொருந்தும்: நடந்து போகும் தூரத்தில் நல்ல தளம் போட்ட வீடும், முன்பே பெற்ற சம்மதமும் உள்ளவர்களுக்கு. கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி குறைவு.

## வழி மூன்று: பாதுகாப்பு மையம், பள்ளிக்கூடம், திருமண மண்டபம்

இந்த மூன்றையும் ஒரே பெயரில் ‘முகாம்’ என்கிறோம். கட்டடங்கள் மூன்றும் வேறுவேறு. கடலோரக் கிராமங்களில் அரசு கட்டியிருக்கும் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையம் புயலுக்கென்றே கட்டப்பட்டது. தடித்த தூண்களின் மேல் தளம் எழுப்பி, கீழே திறந்து விட்டிருப்பார்கள். கடல் பொங்கினால் தண்ணீர் அடியில் ஓடிப்போகும். காற்றும் தண்ணீரும் சேர்ந்து வரும் இடத்தில் இதற்கு ஈடான கட்டடம் ஊரில் வேறு இருக்காது. பள்ளிக்கூடம் அப்படி இல்லை. கான்கிரீட் தளம் போட்ட பள்ளியும் உண்டு, ஓட்டுக் கூரைப் பள்ளியும் உண்டு. மண்டபங்களில் பெரிய சன்னல் கண்ணாடியையும் ஷீட் போட்ட சாப்பாட்டுக் கூடத்தையும் பாருங்கள். ‘முகாமுக்கு வாருங்கள்’ என்று சொன்னால், எந்தக் கட்டடம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கஜாவுக்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவ்வளவு பேர் முன்கூட்டி நகர்ந்திராவிட்டால் உயிரிழப்பு எவ்வளவு கூடியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

முகாமில் கிடைப்பவை: சமைத்த உணவு, மருத்துவக் குழு, உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறுவது. படும் சிரமங்களையும் அறிந்தே போக வேண்டும். கழிப்பறை வரிசை நீளம். தரையில் படுக்க முடியாத முதியவர்களுக்கு ஒரு நாற்காலியையாவது வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போங்கள். மாதவிலக்கு நாட்களுக்கான துணியையும் நாப்கினையும் பெண்கள் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு இருக்கட்டும். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு நெகிழிப் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தினக்கூலிக்காரர்களுக்கு ஒரு நாள் முன்பே முகாமுக்குப் போவது ஒரு நாள் கூலியை விடுவது. புயல் திசை மாறிவிட்டால் அந்தக் கூலி வீண் என்று தோன்றும். அடுத்த முறை அழைக்கும்போது கால் எழாது. ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறை வீணாகப் போய் வர நேரலாம். அதையும் இந்த வழியின் விலையாக எழுதிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள் அந்த மையத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். சாவி கிராம நிர்வாக அலுவலரிடமா, ஊராட்சியிலா? ஜெனரேட்டர் ஓடுகிறதா? கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா? குறை தெரிந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் சொல்லலாம். மாநில அறைக்கு 1070.

யாருக்குப் பொருந்தும்: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குப்பங்களுக்கு, தாழ்வான நிலத்தில் இருக்கும் கூரை வீடுகளுக்கு, உப்பளத் தொழிலாளர்களுக்கு, பக்கத்தில் மெத்தை வீடு இல்லாத அல்லது திறக்காத தெருக்களுக்கு. இவர்களுக்கு இதுவே முதல் வழி.

## வழி நான்கு: வெளியூருக்குப் போய்விடுவது

கடலைவிட்டு உள்ளே போனால் போதும் என்ற நம்பிக்கை கஜாவில் உடைந்தது. கரை கடந்த பிறகும் அது மேற்கே நகர்ந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதுக்கோட்டையைத் தாண்டிக் கொடைக்கானல் மலை வரை சேதம். வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டைச் சம்பந்தி வீட்டுக்குப் போனவர்கள் புயலின் பாதையிலேயே முன்னால் போனார்கள். வெளியூர் என்றால், புயல் போகும் பாதையிலிருந்து விலகிய ஊராகவும், மருத்துவமனை உள்ள ஊராகவும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படுபவர், ஆக்சிஜன் கருவியோடு இருப்பவர், பிரசவத் தேதி நெருங்கியவர், பிறந்து சில நாளே ஆன குழந்தை என்றால் நான் வேறு வழியைச் சொல்லவே மாட்டேன். புயலுக்கு மறுநாள் சாலையெங்கும் மரம் கிடக்கும், 108 வண்டியும் உள்ளே வர முடியாது. நிறைமாதப் பெண்களை முன்கூட்டியே அரசு மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கிராமச் செவிலியரிடம் தேதியைச் சொல்லி வையுங்கள்.

மற்றவர்களுக்கு இந்த வழி அவ்வளவு எளிதில்லை. பேருந்து நிற்கும் முன்பே, அதாவது முதல் நாளே கிளம்ப வேண்டும். திரும்பி வருவதற்கு ஒரு வாரமும் ஆகலாம். அதற்குள் கிராம நிர்வாக அலுவலர் சேதக் கணக்கெடுக்க வந்து போயிருப்பார். கஜா நிவாரணத்தில் முழுவதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாயும் பகுதி சேதத்துக்கு 4,100 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. வீட்டில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தால் பெயர் விடுபட வாய்ப்பு உண்டு. கிளம்பும் முன் வீட்டை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குடும்பத்தைப் பிரித்து, நோயாளியோடு ஒருவர் மட்டும் போய் மற்றவர்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் வழியை எடுப்பது பல வீடுகளுக்கு நடைமுறைக்கு ஏற்றது.

## மாட்டை என்ன செய்வது

புயலில் முதலில் விழுவது மாட்டுக்கொட்டகை. கயிற்றில் கட்டியிருக்கும் மாடு விழும் கொட்டகையிலிருந்தும் ஓட முடியாது, ஏறும் தண்ணீரிலிருந்தும் ஓட முடியாது. அவிழ்த்து விட்டால் பெரும்பாலும் தானே மேடு தேடும். கோயில் மேடு, குளக்கரை, கட்டிக்கொண்டிருக்கும் காரை வீட்டின் தரைத்தளம் என்று ஏதாவது ஒன்றை முன்பே பார்த்து, நண்பகலுக்குள் மாட்டை அங்கே கொண்டுசேர்த்து, வைக்கோலும் தண்ணீரும் வைத்து, கழுத்துக் கயிற்றைக் கழற்றிவிடுவது நல்லது. மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் அருகில் வேண்டாம். ஆட்டையும் கன்றையும் வெளியே விட முடியாது. அவை மனிதர்களோடு உள்ளே வர வேண்டியவை. மெத்தை வீட்டுக்காரரிடம் சம்மதம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாட்டின் காதில் 12 இலக்க அடையாள வில்லை இருக்கட்டும். வில்லை தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். இறந்துபோனால் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் நிவாரணம் கேட்பது கடினம். 2023 டிசம்பரில் மாட்டுக்கான தொகையை 30,000 ரூபாயிலிருந்து 37,500 ரூபாயாகவும், ஆட்டுக்கு 3,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாகவும் அரசு உயர்த்தியது. நல்ல கறவை மாட்டின் சந்தை விலை அதைவிடக் கூடுதல். காப்பீடு செய்திருந்தால் மிச்சத்தில் ஒரு பங்காவது ஈடாகும்.

## எப்போது முடிவெடுப்பது

வானிலை ஆய்வு மையம் கரை கடப்பதற்கு ஏறக்குறைய 72 மணி நேரம் முன்பு முதல் முன்னறிவிப்பைத் தருகிறது. 48 மணி நேரம் முன்பு அடுத்த நிலை, 24 மணி நேரம் முன்பு புயல் எச்சரிக்கை, 12 மணி நேரம் முன்பு, கரை கடந்த பிறகு புயல் எந்தப் பக்கம் நகரும் என்பதைப் பற்றிய கணிப்பு. நான் வைத்திருக்கும் கணக்கு இது. 48 மணி நேர அறிவிப்பில் நோயாளிகளும் நிறைமாதப் பெண்களும் கிளம்ப வேண்டும். 24 மணி நேர அறிவிப்பில் தண்ணீர், அரிசி, ஆவணங்கள், மருந்து எல்லாம் போகும் இடத்துக்குப் போய்விட வேண்டும். கடக்கும் நாளில் நண்பகலுக்குள் மாடு, மூன்று மணிக்குள் மனிதர்கள். துறைமுகத்தில் 8, 9, 10 எண் கூண்டு ஏற்றினால் பெரும் அபாயம் என்று பொருள். அதைக் கேட்ட பிறகு யோசிக்க நேரம் இல்லை, நடப்பதற்குத்தான் நேரம் இருக்கும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு இடம் மாறாதீர்கள். அதற்குள் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே, அந்தக் கட்டடத்தின் மிக உறுதியான மூலையில் இருப்பது, பாதியில் வெளியே கிளம்புவதைவிடப் பெரும்பாலும் மேல். கூரையே போய்விட்டால் மட்டும்தான் விதிவிலக்கு. அப்போதும் போர்வை, மெத்தை, அண்டா என்று கையில் கிடைத்ததைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மிக அருகில் இருக்கும் சுவருக்குத்தான் போக வேண்டும்.

2024 நவம்பர் கடைசி வாரத்தில் ஃபெஞ்சல் புயல் எங்கே கடக்கும் என்று தெரியாமல் நாகப்பட்டினம் மாவட்டம் முழுவதும் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அது வடக்கே போய் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கடந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, பிற்பகல் இரண்டு மணி இருக்கும். எங்கள் வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கஜா இரவில் போர்வைக்குள் வந்த அந்தக் குழந்தைக்கு அப்போது ஆறு வயது. அவன் முன்னால் கன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். பின்னால் மாடு, அதற்குப் பின்னால் அரிசி மூட்டையோடு அவன் அப்பா.

“அண்ணே, மாட்டுக்கு இடம் இருக்கிறதா? வீட்டில் மற்றவர்கள் அரை மணியில் வந்துவிடுவார்கள்.”